சிறுபடை வென்ற போர்கள்: எந்தக் கோலால் அளப்பது?

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை கீவ் நகரை நோக்கி நகர்ந்தபோது, சில நாட்களில் அந்நகரம் விழுந்துவிடும் என்றே பலர் கணித்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அந்தப் படை கீவ் பகுதியை விட்டுப் பின்வாங்கியது. அன்று முதல் ஒரு பழைய வாதம் மறுபடி சூடாகியிருக்கிறது. வரலாற்றில் எளியவர் வலியவரை வென்ற போர்களுள் எது பெரிது? கிரேக்கத்தின் தெர்மோபிலைக் கணவாயில் நின்ற 300 பேர் என்கிறார் ஒருவர். அஜின்கோர்ட் என்கிறார் இன்னொருவர். லோங்கேவாலாவை மறந்துவிட்டீர்களே என்கிறார் மூன்றாமவர். குளச்சலை யாரும் சொல்லவில்லையே என்று குமரி மாவட்டத்துக்காரர் குறுக்கிடுகிறார்.

இந்த வாதம் முடிவதே இல்லை. ஒருவர் மரக்காலால் அளக்கிறார், மற்றவர் முழக்கோலால் அளக்கிறார் என்பதுதான் காரணம். எதை அளக்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொண்டால், பட்டியலில் இருக்கும் பாதிப் பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

சொற்கள்

சமர் என்பது ஓரிடத்தில், சில மணி நேரமோ சில நாட்களோ நடக்கும் மோதல். போர் என்பது அத்தகைய பல சமர்களும், அவற்றுக்கு இடையே நடக்கும் பேச்சுவார்த்தை, முற்றுகை, பஞ்சம் எல்லாமும் சேர்ந்தது. சமரில் வென்றவர் போரில் தோற்பது அரிய செய்தி அல்ல.

'வலுக்குறைந்த தரப்பு' என்பதிலும் மூன்று வகைக் குறைவுகள் கலந்து கிடக்கின்றன.

1. ஆள் எண்ணிக்கையில் குறைவு.
2. ஆயுதத்திலும் பயிற்சியிலும் குறைவு.
3. தாங்குதிறனில் குறைவு. அதாவது, ஒரு படை அழிந்தால் இன்னொரு படையைத் திரட்டி அனுப்பும் பணமும் ஆளும் கப்பலும் இருக்கின்றனவா என்பது.

வாதங்களில் முதல் வகைதான் பேசப்படுகிறது. போர்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றாவது. 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசண்டில்வானாவில் ஏறக்குறைய 20,000 சூலு வீரர்கள் 1,800 பேர் கொண்ட பிரிட்டிஷ் முகாமைத் தாக்கி, 1,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். தலைகளை எண்ணினால் அங்கே எளியவர்கள் பிரிட்டிஷார். ஆனால் அவர்கள் கையில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இருந்தன. சூலுக்களில் பெரும்பாலோரிடம் ஈட்டியும் தோல் கேடயமும்தான். இரண்டாவது கணக்கில் எளியவர்கள் சூலுக்கள். மூன்றாவது கணக்கு அதே ஆண்டு ஜூலை 4 அன்று உலுண்டியில் தெரிந்தது. பிரிட்டன் புதுப் படையோடு திரும்பி வந்தது. சூலு அரசிடம் அப்படி அனுப்ப இன்னொரு படை இல்லை.

எண்ணிக்கை தரும் மயக்கம்

பழங்காலப் படைகளின் எண்ணிக்கையை நமக்குச் சொன்னவர்கள் பெரும்பாலும் வென்றவர்களின் எழுத்தாளர்கள். பாரசீக மன்னன் செர்க்சஸ் 17 லட்சம் காலாட்களோடு கிரேக்கத்துக்கு வந்தான் என்று பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதுகிறார். அந்தப் படை குடித்தே ஆறுகள் வற்றின என்றும் அவரே சொல்கிறார். அவ்வளவு பேருக்கும் அவர்களுடைய குதிரைகளுக்கும் அன்றாடம் தண்ணீரும் தீனியும் யார் சுமந்தார்கள் என்று கேட்ட உடனே கணக்கு உடைகிறது. இன்றைய ஆய்வாளர்கள் அதைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டார்கள். கி.மு. 331இல் கௌகமேலாவில் பாரசீக மன்னன் தாரியசின் படை 10 லட்சம் என்பது பழைய ஏட்டுக் கணக்கு. ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்காது என்பது இன்றைய மதிப்பீடு. அலெக்சாண்டரிடம் இருந்தவர்கள் 47,000 பேர். ஒன்றுக்கு இருபது என்று சொல்லப்பட்டது ஒன்றுக்கு இரண்டாகச் சுருங்குகிறது.

தெர்மோபிலைக்கு வேறு சிக்கல். தொடக்கத்தில் செர்க்சஸை எதிர்த்து அந்தக் கணவாயில் நின்ற கிரேக்கர்கள் 300 பேர் அல்லர். சுமார் 7,000 பேர். கடைசி நாளில் ஸ்பார்ட்டாவின் 300 பேரோடு தெஸ்பியா நகரத்து 700 பேரும் நின்று மடிந்தார்கள். தெஸ்பியர்களை யாரும் நினைப்பதில்லை. இவை ஒருபுறம் இருக்க, அது வெற்றியே அல்ல, தோல்வி. வெற்றிப் பட்டியலில் அது எப்படி முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது தனி ஆய்வுக்குரிய விஷயம். அதே கி.மு. 480இல் கிரேக்கர்கள் உண்மையிலேயே வென்ற இடம் சலாமிஸ் கடல்.

1415இல் நடந்த அஜின்கோர்ட் சமரில் ஓர் ஆங்கிலேயனுக்கு ஆறு பிரெஞ்சுக்காரர் என்பது நெடுநாள் நம்பிக்கை. சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு எண்ணிப் பார்த்த ஆய்வு, ஏறத்தாழ 9,000 பேருக்கு எதிரே 12,000 பேர்தான் இருந்திருப்பார்கள் என்கிறது. எல்லா வரலாற்றாசிரியர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் ஆறு மடங்கை இன்று அடித்துச் சொல்பவர்கள் குறைவு.

தமிழிலும் இந்த மரபு உண்டு. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் தனியனாக நின்று எழுவரை வென்றதைப் புறநானூற்றின் 76ஆம் பாட்டு வியக்கிறது: ஒருவனை ஒருவன் கொல்வதும் தோற்பதும் உலக இயற்கை, ஒருவன் எழுவரை வென்றதை இன்றுதான் கேட்கிறோம் என்று. எழுவர் என்பது சேரன், சோழன், ஐந்து வேளிர் ஆகியோரின் தலைக்கணக்கு. அவர்கள் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைப் புலவர் சொல்லவில்லை. சொல்வது அவர் வேலையும் அல்ல.

எளியவர்போல் தோன்றியவர்கள்

பிளாசியில் 1757 ஜூன் 23 அன்று கிளைவிடம் சுமார் 3,000 பேர், வங்க நவாப் சிராஜ் உத்தௌலாவிடம் சுமார் 50,000 பேர். விகிதத்தை மட்டும் பார்த்தால் உலகச் சாதனை. ஆனால் நவாபின் படையில் பெரும்பகுதி மீர் ஜாஃபரின் கட்டளையில் இருந்தது. மீர் ஜாஃபரோ கிளைவோடு முன்பே உடன்படிக்கை செய்துகொண்டு, களத்தில் கைகட்டி நின்றார். போர் களத்துக்கு வருமுன்பே பேரம் பேசி முடிக்கப்பட்டிருந்தது. இதைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் படைத்திறமைக்கும் பேரத்திறமைக்கும் ஒரே மதிப்பெண் போடுகிறார்கள்.

ஸ்பானியரான பிசாரோ 1532இல் 168 பேரோடு இன்கா பேரரசன் அதாவல்பாவைக் கஹமார்க்கா நகரில் பிடித்ததும் இதே வகை. அதாவல்பா அங்கே சந்திப்புக்கு அழைக்கப்பட்டு வந்தவன். உடன் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் போர்க்கருவி இல்லை.

லோங்கேவாலாவை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் பாலைவனக் காவல்நிலையில் இருந்த 120 இந்திய வீரர்களை நோக்கி 2,000க்கும் மேற்பட்ட பாகிஸ்தான் வீரர்கள் டாங்கிகளோடு வந்தார்கள். இரவு முழுவதும் அந்த 120 பேர் தாக்குப்பிடித்தார்கள். விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்கள், மேலே வான்காப்பு இல்லாமல் வெட்டவெளியில் நின்ற டாங்கிகளை ஒவ்வொன்றாக அழித்தன. இரவில் எளியவர்களாக இருந்தவர்கள் பகலில் வலியவர்களானார்கள். அந்த இரவின் துணிவை இது குறைக்கவில்லை. ஆனால் '120க்கு 2,000' என்னும் விகிதத்தைக் காலை வரை நீட்டக்கூடாது.

குளச்சலில் இதற்கு எதிர்மாறு. 1741இல் அங்கே இறங்கிய டச்சுப் படை சிறியது. ஆட்பலம் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பக்கம். அதனால் அது எளியவரின் வெற்றி இல்லை என்று ஒதுக்கினால் தவறு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அன்று பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கொச்சிவரை கடலை ஆண்ட நிறுவனம். தாங்குதிறன் கணக்கில் திருவிதாங்கூர்தான் எளிய தரப்பு. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்து, அதன் தளபதியாகி, 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் இருக்கும் அவருடைய கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. எதிரியின் தளபதியையே தன் படையைக் கட்டமைக்க வைத்தது சமரைவிடப் பெரிய வெற்றி என்பேன். ஆனால் 'ஐரோப்பியரை வென்ற முதல் ஆசிய அரசு' என்று நம் பக்கத்தில் அடிக்கடி எழுதப்படுவது சரியல்ல. செங் செங்கோங் என்ற சீனத் தளபதி 1662லேயே டச்சுக்காரர்களைத் தைவானிலிருந்து வெளியேற்றியிருக்கிறார்.

1954இல் வியட்நாமின் தியன் பியன் பூவிலும் களத்தில் அதிகம் இருந்தவர்கள் வென்றவர்கள்தாம்: சுமார் 15,000 பிரெஞ்சுப் படையினரைச் சுற்றி ஏறத்தாழ 50,000 வியட்நாமியர். அங்கே சாதனை, அவ்வளவு பேரையும் கனரகப் பீரங்கிகளையும் அந்த மலைகளுக்குக் கொண்டுவந்ததே. பீரங்கிகளைப் பிரித்தும் கயிறு கட்டி இழுத்தும் மேலே ஏற்றி, மலைச்சரிவுகளைக் குடைந்து உள்ளே வைத்தார்கள். 200 கிலோவுக்கு மேல் சுமந்த மிதிவண்டிகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரிசி சேர்த்தார்கள். பீரங்கியை அங்கே கொண்டுவரவே முடியாது என்பது பிரெஞ்சுத் தளபதிகளின் கணக்கு.

பெரும்படையின் கையைக் கட்டும் வழிகள்

எளியவர் வலியவராகிவிடுவதில்லை. வலியவரின் வலிமை அந்த நேரத்தில், அந்த இடத்தில் பயன்படாமல் போகிறது. அது நடக்கும் வழிகள்:

1. இடம். அஜின்கோர்ட்டில் இருபுறமும் காடு, நடுவில் புதிதாக உழுத வயல், முந்தைய இரவு மழை. கவசம் அணிந்த பிரெஞ்சு வீரர்கள் முழங்கால் சேற்றில் திணறினார்கள். பின்வரிசை தள்ளத் தள்ள முன்வரிசை விழுந்தது. அகலம் குறைந்த களத்தில் பின்னால் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் வாள் வீசுவது முன்வரிசை மட்டும்தான். சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொல்லும் என்று வள்ளுவர் சொன்னதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம்.

2. காலம். 1288இல் மங்கோலியக் கப்பற்படை வியட்நாமின் பாக் தாங் ஆற்றின் வழியே திரும்பிக்கொண்டிருந்தது. வியட்நாம் தளபதி திரன் உங் தாவ் ஆற்றுப் படுகையில் கூர்மரங்களை நட்டு வைத்திருந்தார். நீரேற்றத்தில் அவை தெரியாது. சிறு படகுகள் சண்டைக்கு வந்து, தோற்று ஓடுவதுபோல் ஓடின, பெரிய கப்பல்கள் துரத்தின, நீர் வடிந்தது, கப்பல்கள் கழுவேறியதுபோல் சிக்கின. இதே ஆற்றில் இதே தந்திரத்தால் 938இல் ங்கோ குயன் சீனப் படையை வென்றிருந்தார். 350 ஆண்டுகளுக்குப் பிறகும் அது பலித்தது என்றால், எதிரியின் வரலாற்றைப் படிக்காததற்கும் ஒரு விலை உண்டு போலிருக்கிறது.

3. வழங்கல். படைக்கு உணவு, தீனி, வெடிமருந்து போய்ச் சேரும் ஏற்பாட்டுக்கு இந்தப் பெயர். பாக் தாங்குக்கு முன்பே மங்கோலியரின் உணவுக் கப்பல்கள் வான் தோன் பகுதியில் அழிக்கப்பட்டிருந்தன. அவர்கள் திரும்பிப் போனதற்கே காரணம் அதுதான். 1940 ஜனவரியில் பின்லாந்தின் ராத்தே சாலையில் சோவியத்தின் 44ஆவது டிவிஷன், காட்டுக்கு நடுவே ஒற்றைச் சாலையில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றது. பனிச்சறுக்கில் வந்த பின்லாந்து வீரர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். சமையல் வண்டிகளைத் தேடித் தேடித் தாக்கினார்கள். சுடுசோறு இல்லாமல் அந்தக் குளிரில் ஒரு படை எத்தனை நாள் தாங்கும்? அப்படி வெட்டிய துண்டுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மொத்தி'. விறகை வெட்டி அளந்து அடுக்கும் குவியலுக்கு அவர்கள் ஊரில் வழங்கும் சொல்.

4. மனம். வலியவருக்கு அது பல போர்களில் ஒன்று. எளியவருக்கு அது ஒன்றுதான். 1896இல் எத்தியோப்பியாவின் அத்வாவில் தோற்ற இத்தாலி இன்னொரு படையை அனுப்ப முடியாத நாடு அல்ல. ஆனால் உள்நாட்டில் ஆட்சியே கவிழ்ந்தது. அதே ஆண்டு எத்தியோப்பியாவின் சுதந்திரத்தை ஏற்று ஒப்பந்தம் போட்டது.

மியோங்நியாங், 1597

ஒற்றைச் சமர் என்று எடுத்துக்கொண்டால் என் தேர்வு இதுதான். மேலே சொன்ன மூன்று குறைவுகளில் இரண்டு முழுமையாகவும், ஒன்று பாதியாகவும் இங்கே சேர்ந்திருந்தன.

ஜப்பான் 1592இல் கொரியா மீது படையெடுத்தது. கடலில் அதைத் தொடர்ந்து முறியடித்தவர் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின். 1597இல், எதிரியின் ஒற்றன் தந்த தகவலை நம்பிப் பிறப்பிக்கப்பட்ட அரச கட்டளையை அவர் நிறைவேற்றவில்லை. அதற்காகப் பதவி பறித்து, சிறையில் அடைத்து, வதைத்து, பட்டமில்லாத சாதாரண வீரனாக அனுப்பினார்கள். அவர் இடத்துக்கு வந்த வோன் கியூன், சில்சோல்லியாங் சமரில் ஏறத்தாழ முழுக் கப்பற்படையையும் இழந்து தானும் மாண்டார். தப்பியவை 12 கப்பல்கள். அவையும் தப்பியது, அவற்றின் தலைவர் களத்தை விட்டு விலகிப் போனதால்தான்.

யி மீண்டும் அழைக்கப்பட்டார். கடற்படையைக் கலைத்துவிட்டுத் தரைப்படையோடு சேர்ந்துகொள் என்று அரண்மனை யோசனை சொன்னது. அடியேனிடம் இன்னும் 12 கப்பல்கள் இருக்கின்றன என்று அவர் மறுமொழி எழுதினார். பிறகு இன்னொன்று சேர, 13 ஆயிற்று.

அவர் தேர்ந்தெடுத்த இடம் ஜிண்டோ தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள ஒடுங்கிய மியோங்நியாங் கால்வாய். கொரியாவிலேயே மிக வேகமான கடல்நீரோட்டங்களுள் ஒன்று அங்கே ஓடுகிறது. நாளுக்குப் பலமுறை திசை மாறுகிறது. சிறிய படை அந்தக் கால்வாயை முதுகுக்குப் பின்னால் வைத்துப் போரிடக்கூடாது என்று சமருக்கு முதல் நாள் தன் கப்பல்களை மறுபுறம் நகர்த்தினார்.

அடுத்த நாள், அக்டோபர் 26 அன்று, 133 ஜப்பானியப் போர்க்கப்பல்கள் வந்தன. இந்த எண்ணிக்கை யி எழுதிய நாட்குறிப்பிலிருந்து வருவது. வென்றவரின் கணக்கை நம்பாதே என்று மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனால் தன் பக்கம் 13 என்பதில் சர்ச்சை இல்லை. எதிரியைப் பாதியாகக் குறைத்தாலும் ஒன்றுக்கு ஐந்து.

ஆயுதத்தில் மட்டும் கொரியர்கள் எளியவர்கள் அல்லர். நான் பாதி என்றது இதைத்தான். அவர்களுடைய பானொக்சோன் கப்பல்கள் உயரமானவை, தட்டையடி கொண்டவை, பீரங்கி தாங்குபவை. ஜப்பானியர் கப்பலை ஒட்டி நிறுத்தி, ஏறிக் குதித்து வாளால் போரிட விரும்புபவர்கள். எனவே நெருங்கவிடாமல் சுடுவதே கொரியர்களின் முறை. மேல்தளத்தை ஓடுபோல் மூடிய புகழ்பெற்ற ஆமைக் கப்பல் எதுவும் அன்று அந்தக் களத்தில் இல்லை. கடலின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிக் கப்பல்களைக் கவிழ்த்ததாகச் சொல்லும் கதையும் அவருடைய குறிப்பில் இல்லை.

குறிப்பில் இருப்பது அதைவிடச் சுவையானது. எதிரியைக் கண்டதும் யியின் மற்றக் கப்பல்கள் பின்தங்கிவிட்டன. அவருடைய கப்பல் மட்டும் தனியாக நின்று சுட்டுக்கொண்டிருந்தது. கொடியசைத்து அழைத்த பின் மெல்ல அருகே வந்த தளபதி ஆன் வியைப் பார்த்து, படைச் சட்டத்தால் சாக விரும்புகிறாயா, ஓடினால் எங்கே போய்ப் பிழைப்பாய் என்று கத்தினார். ஆன் வி பாய்ந்தார். பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். நீரோட்டம் திரும்பியபோது, கால்வாயில் அடைந்து நின்ற ஜப்பானியக் கப்பல்கள் பின்னோக்கித் தள்ளப்பட்டு ஒன்றோடொன்று மோதின. அவர்களுடைய தளபதிகளுள் ஒருவரான குருஷிமா மிச்சிஃபுசா கொல்லப்பட்டார். 31 கப்பல்கள் அழிந்தன என்று யி எழுதுகிறார். தன் பக்கம் ஒரு கப்பலும் போகவில்லை.

சில மாதங்களுக்கு முன் தன்னை வதைத்த அரசு, சில வாரங்களுக்கு முன் அழிந்த கப்பற்படை, ஓடத் துடிக்கும் தளபதிகள். 13க்கு 133 என்பதைவிட இந்தப் பின்னணிதான் இந்தச் சமரைத் தனியாக நிறுத்துகிறது. போர் முழுவதையும் இது ஒன்றே முடித்துவிடவில்லை. தரையில் சீனத்து மிங் படையும் ஜப்பானியரைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஜப்பானை ஆண்ட டொயோடோமி ஹிதெயோஷி 1598இல் இறந்த பிறகே ஜப்பான் முழுவதும் விலகியது. ஆனால் கொரியாவின் மேற்குக் கரையோரமாகக் கப்பலில் உணவும் ஆளும் கொண்டுபோகும் வழி ஜப்பானியருக்குத் திறக்கவில்லை.

முழுப் போர் என்று கேட்டால்

பின்லாந்தின் பெயர்தான் பலருக்கு முதலில் வரும். 37 லட்சம் மக்களைக் கொண்ட நாடு 105 நாள் சோவியத்தை எதிர்த்து நின்றது உண்மை. ஆனால் 1940 மார்ச் ஒப்பந்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் கொடுத்தது. 4 லட்சம் பேர் வீடிழந்தார்கள். சுதந்திரம் தப்பியது. இதை அற்புதமான தோல்வி என்று சொல்லலாம்.

முழுப் போருக்கு நான் கரீபியன் பகுதியின் ஹெய்ட்டியைச் சொல்வேன். அன்று அதன் பெயர் சான் தொமிங்கு. பிரான்சின் மிகச் செழித்த சர்க்கரைக் குடியேற்றம். சுமார் 5 லட்சம் அடிமைகள் உழைத்த இடம். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தார்கள். தலைகளை எண்ணினால் அவர்களே அதிகம். ஆனால் ஓர் அடிமைக்கு நாடு, கருவூலம், நட்பு அரசு எதுவும் கிடையாது, தாங்குதிறன் சுழியம். அங்கிருந்து தொடங்கி ஸ்பெயினையும் பிரிட்டனையும் சமாளித்து, பிரிட்டனை 1798இல் வெளியேற வைத்தார்கள். 1801 டிசம்பரில் நெப்போலியன் தன் மைத்துனர் லெக்லெர்க் தலைமையில் பெரும்படை அனுப்பினார். பேச்சுக்கு அழைத்து, அவர்களுடைய தலைவர் தூசான் லூவெர்துய்ரைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். 1803இல் அவர் பிரான்சின் மலைக் கோட்டைச் சிறையில் இறந்தார். தலைவரை இழந்த பிறகும், அவருடைய தளபதி தெசாலின் தலைமையில் 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் வென்று, 1804 ஜனவரி 1 அன்று சுதந்திரம் அறிவித்தார்கள்.

மறுப்பு ஒன்று வரும்: வென்றது மஞ்சள் காய்ச்சல்தானே? லெக்லெர்க்கே அதற்குப் பலியானார் என்பது உண்மை. ஆனால் கொசுவும் மழைக்காலமும் இரு தரப்புக்கும் தெரிந்தவையே. மழை வந்து எதிரியை ஒழிக்கும்வரை தீயும் அழிவும்தான் நம் ஆயுதங்கள் என்ற பொருளில் தூசான் 1802 பிப்ரவரியிலேயே தெசாலினுக்கு எழுதியிருக்கிறார். பாக் தாங்கின் நீரேற்றத்தை உத்தி என்று பாராட்டிவிட்டு, ஹெய்ட்டியின் மழையை மட்டும் அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

அந்த வெற்றிக்கும் தாங்குதிறன் பின்னால் வந்து கணக்குக் கேட்டது. 1825இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஹெய்ட்டித் துறைமுகத்துக்கு வந்தன. இழந்த நிலத்துக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி ஃப்ராங்க் கொடுத்தால்தான் சுதந்திரத்தை ஏற்போம் என்றது பிரான்ஸ். பிறகு தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்காக ஹெய்ட்டி பிரெஞ்சு வங்கிகளிடமே கடன் வாங்கியது. அந்தக் கடன்களின் கடைசித் தவணை தீர்ந்தது 1947இல்.